வெள்ளவத்தையில் சிக்கிக்கொண்ட பாட்டு

கொழும்பு விமான நிலையத்தில் இறங்கியதுமே டாக்சி ஓட்டுநர் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சென்னையா மிஸ்? சென்னையில எங்க?" என்று கேட்டார். இடத்தைச் சொன்னதும் அங்கே இருக்கும் ஒரு பிரியாணிக் கடையின் பெயரைச் சரியாகச் சொன்னார். இவ்வளவு இனிமையாகப் பேசுகிறவர் நிச்சயம் சுற்றுவழியில் போவார் என்று மடியில் செல்போன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டேன். நடுவழியில் அவர், காலி நகருக்குப் போகும் பெருஞ்சாலையான காலி வீதியை விட்டுக் கடலோரமாகத் திரும்பினார். "ஏன்?" என்று கேட்டேன். "அங்கால ப்ளொக் மிஸ்," என்றார். சில நிமிடங்களில் வரைபடத்தில் காலி வீதி முழுவதும் சிவந்தது.

என் தொழிலே அப்படி. சென்னையில் வாகனக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக விபத்துகளை ஆராய்ந்து சொல்கிறேன். நசுங்கிய கதவைப் பார்ப்பேன். அது எப்படி நசுங்கியது என்று சொந்தக்காரர் சொல்வதைக் கேட்பேன். இரண்டும் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று எழுதிக் கொடுப்பேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் புத்தி அதையேதான் செய்துகொண்டிருக்கும்.

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், அதாவது சின்னச் சந்தில், லாட்ஜ் எடுத்திருந்தேன். அங்கிருந்த அம்மா என் பாஸ்போர்ட்டை வாங்கி எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்தார். வெற்றுப் பக்கங்களையும் விடவில்லை. "ஏன் வெற்றுப் பக்கம்?" என்று கேட்டேன். "இருக்கட்டும் பிள்ளை," என்றார். அறைக்குப் போனதும் கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலியைப் போட்டேன்.

பசியோடு காலி வீதியில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தபோது கேட்காமலே ஒரு தட்டு வந்தது. ரோல்ஸ், பற்றீஸ், மீன் பணிஸ் என்று ஒரு குடும்பத்துக்கே போதுமான அளவு. நான் பதறிவிட்டேன். சென்னையில் கேட்காமல் வைத்தால் அதற்கும் சேர்த்து பில் வரும். "இதை நான் கேட்கலையே," என்றேன். பரிமாறியவருக்கு என் பதற்றம் விளங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் சிங்களத்தில் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "விரும்பினதை எடுங்கோ. தின்னதுக்கு மட்டும்தான் காசு. மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு போவினம்." ஒரு ரோல்ஸ் சாப்பிட்டேன். அது முந்தி எத்தனை மேசைகளுக்குப் போய்த் திரும்பியிருக்கும் என்ற யோசனை அடுத்ததை எடுக்க விடவில்லை. ஆனால் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் உப்புக்காற்று என்று ஒரு இசைக்குழு இருந்தது. எண்பதுகளின் நியூ வேவ் இசை மீது பைத்தியம் பிடித்த நாலு பேர், அதே பாணியில் தமிழில் பாட்டுகள் செய்தார்கள். மெல்லிய கீபோர்ட், இயந்திர மேளம், அதன் மேல் உணர்ச்சியை வெளிக்காட்டாத ஒரு பெண் குரல். சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்தப் பாட்டுகளைக் கொடுத்தார். மழை நாளில் கிண்டி மேம்பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது முதன்முதலாகக் கேட்டேன். 'இன்னும் ஒரு தரிப்பு தூரந்தான் வீடு' என்று கோரஸில், பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதியில், ஒரு வரி. பஸ் நிறுத்தத்தை இவர்கள் தரிப்பு என்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 'தூரம்' என்ற சொல்லில் அந்தக் குரல் மெல்ல மேலேறி, உச்சியில் லேசாக உடையும். அந்த உடைசலுக்காகவே பல நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

குழு ஒரே ஒரு பெரிய மேடை நிகழ்ச்சிதான் நடத்தியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். அந்த வரி வந்தபோது மடிக்கணினி சிக்கிக்கொண்டது. 'இன்னும் ஒரு, இன்னும் ஒரு, இன்னும் ஒரு' என்று பாடகியின் குரல் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வந்தது. பாடகி ஜெனிற்றாவோ மேடையில் சும்மா நின்றாள். சனம் கைதட்டியது, விசிலடித்தது, கூச்சல் போட்டது. கீபோர்ட்காரர் கீர்த்தன் கடைசியில் வயரைப் பிடுங்கினார். அதோடு குழு முடிந்தது. அவள் பாடவே இல்லை, சென்னையில் யாரோ ஒருத்தியின் குரலைப் பதிவு செய்து ஓட விட்டார்கள் என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது.

ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன். மெல்போர்னில் குடியேறிவிட்ட கீர்த்தன் இந்த வருஷம் அங்கே எழுதினார்: கொழும்பில் மறுபடியும் ஒரு நிகழ்ச்சி செய்யலாம், ஜெனிற்றாவையே பாடும்படி கேட்கப் போகிறேன். சண்டை வெடித்தது. முதலில் நம் முன்னால் வெறும் வாயால் பாடிக் காட்டட்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நேரில் கூடிப் பேசுவோம் என்று கொழும்பில் இருக்கும் சுதா அக்கா அழைத்தார். நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். அந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சுதா அக்கா வங்கியில் வேலை செய்பவர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவரது ஃப்ளாட் ரயில் பாதைக்கு மேலே, கடலை நோக்கி இருந்தது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், யன்னல் கம்பி எல்லாவற்றிலும் துரு. பெசன்ட் நகரில் என் பெரியம்மா வீடும் இப்படித்தான் என்றேன். "இங்க ஒரு சாமானும் ரெண்டு வருசத்துக்கு மேல நிக்காது. குழுவுக்கு அந்தப் பேர் சும்மாவே வச்சவை?" என்றார்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். தெஹிவளையில் செல்போன் கடை வைத்திருக்கும் ரிஸ்வான், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை செய்யும் லோகன், இன்னும் சிலர். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இருந்தன. இரண்டாவது வாய் உள்ளே போவதற்குள் விசாரணை என் பக்கம் திரும்பியது.

"தங்கச்சி, நீங்க சென்னைதானே? அந்தப் பாட்டுக்காரியத் தெரியாம இருக்க ஏலாதே?" என்றார் ரிஸ்வான்.

"எந்தப் பாட்டுக்காரி?"

"உண்மையாப் பாடின ஆள்."

சென்னையில் எத்தனை லட்சம் பேர் என்று நான் விளக்கத் தொடங்கினேன். லோகன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இல்லீங்க, சினிமாவுல கோரஸ் பாடுறவங்கன்னு சொன்னாங்க, அதான்," என்றார். பிறரைச் சந்தேகப்பட்டே பழகிய எனக்கு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது புதிதாக இருந்தது.

பிறகு அன்றைய நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். முகங்களெல்லாம் மலர்ந்தன. எந்த வரிசையில் இருந்தோம், யார் முதலில் கைதட்டியது, சிக்கிய தாளத்துக்கு யார் ஆடியது என்று ஒருவரை ஒருவர் இடைவெட்டினார்கள். அந்தக் கோளாறுதான் நிகழ்ச்சியின் சிறந்த பகுதி என்று சத்தியம் செய்தார்கள். ஒரு விபத்தை இவ்வளவு ஆசையாக நினைத்துப் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை.

"வாய் மூடித்தான் ஈந்த. நான் ரெண்டாம் வரிசைல. பாட்டு ஓடுது, வாய் மூடியிருக்கு. அதுக்கு மேல என்ன அத்தாட்சி?" என்றார் ரிஸ்வான்.

"அழுதாங்க. நான் பாத்தேன்," என்றார் லோகன்.

"அழேல்ல!" சுதா அக்கா எழுந்து நின்றார். "சொல்றன் கேளுங்கோ. கீர்த்தன் வயரைப் பிடுங்கீட்டார். ஒரு சத்தமும் இல்லை. இவ என்ன செய்தவ தெரியுமோ? அப்பவும் வாயை அசைச்சுக்கொண்டு நிக்கிறா! பாட்டு நிண்டது கூட விளங்கேல்ல. அவ்வளவு பழக்கம் பொய்க்கு வாயசைச்சு!" கையில் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டினார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கீர்த்தன் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அது அவவின்ர குரல்தான் எண்டு எத்தனையோ தரம் எழுதிப்போட்டார். பின்ன, வேற என்ன சொல்லுவார்?"

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. பொய்க்கு வாயசைக்கிறவர் சத்தத்தைக் கேட்டுத்தானே அசைக்க வேண்டும்? சத்தம் நின்றால் திகைத்து நிற்பார். ஒன்றுமே ஓடாதபோது ஒருத்தி எதற்காக வாயசைத்தாள்? கார்க் கதவு உள்ளிருந்து நசுங்கியிருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. சுதா அக்கா பொய் சொல்கிறார் என்று முதலில் முடிவு கட்டினேன். ஆனால் சிரிக்க வைப்பதற்குப் பொய் சொல்கிறவர்கள் பொருந்துகிற பொய்யாகத்தான் சொல்வார்கள்.

மண்டபத்தைக் காட்ட ரிஸ்வான் வருவதாகச் சொல்லியிருந்தார். தெஹிவளையில் அவரது கடையைப் பார்த்துவிட்டு அவரோடு திரும்பலாம் என்று வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். எதிர்த் திசை ரயில். கடல் தவறான பக்கம் ஓடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் சிங்களத்தில் நண்பனிடம் ஏதோ சொல்ல, அருகில் நின்ற பெண் எனக்குத் தமிழில் சொன்னார்: "உங்களைப் பம்பலப்பிட்டியில இறக்கி மற்றப் பக்கம் ஏத்தி விடச் சொல்லுறான்." பையனே கூட இறங்கி, மேம்பாலம் ஏறி, மறு மேடையில் என்னைக் கொண்டு விட்டான். அவன் போகும் வரை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவன் அதைக் கவனித்தான்.

மண்டபத்தில் இப்போது டியூஷன் நடக்கிறது. ரிஸ்வானும் நானும் பின்வாசலில் நின்று பார்த்தோம். மேடையில் ஒரு இரசாயன ஆசிரியர். சட்டைக் கழுத்தில் சின்ன மைக். ஒலிபெருக்கிகள் இரண்டும் பிள்ளைகளைப் பார்த்து இருந்தன. அவர் பக்கம் ஒன்றும் இல்லை. திடீரென்று சத்தம் போய்விட்டது. அவருக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதிக்கொண்டே கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பின்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள்: "சேர், கேக்கேல்ல! சேர்!"

நான் ரிஸ்வானைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிஸ்வான் அண்ணா, அன்றைக்கு மற்றப் பாட்டுகள் எப்படிக் கேட்டன?"

"கோரஸ் நல்லாக் கேட்டுது. நடுவுல நடுவுல குரலே இல்ல. நாங்க நெனச்சோம், அது ஒரு ஸ்டைல் எண்டு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மனத்தில் ஒரு வடிவம் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு இது போதாது. அந்தக் குரல் அவளுடையதுதானா என்பதே இன்னும் தெரியாது.

ஜெனிற்றா எங்கே இருக்கிறாள் என்று லோகனுக்குத் தெரிந்திருந்தது. "எங்க கடைக்குத் துணி எடுக்க வருவாங்க. கொட்டாஞ்சேனையில பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறாங்க," என்றார். நானாகப் போகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் புறக்கோட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தை ஃப்ளாட்டுகளும் சேலைக் கடைகளுமாக இருந்தால், கொட்டாஞ்சேனை கோயிலும் தேவாலயமும் நகைக்கடையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிற இடமாக இருந்தது. பாரிமுனையை யாரோ கொஞ்சம் மேட்டில் ஏற்றி வைத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

பல் வைத்தியசாலையில் நோயாளி போலப் பெயர் கொடுத்து உட்கார்ந்தேன். ஒருவரைச் சொல்லாமல் கவனிப்பது என் தொழிலில் முதல் பாடம். முன்மேசையில் இருந்தவர் நாற்பதை நெருங்கும் பெண். குட்டை முடி, நீலச் சட்டை. மெல்லப் பேசினார், மிக மெல்ல. பெயர் கூப்பிடும்போதுகூடக் குரல் மேசையைத் தாண்டவில்லை. கூப்பிட்டது கேட்காமல் ஒரு தாத்தா அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து தாத்தாவின் தோளைத் தொட்டார். என் மனம் சோர்ந்துபோனது. இந்தக் குரலா கிண்டி மேம்பாலத்தில் என்னை உலுக்கியது? சென்னைக்காரி கதைதான் உண்மை போலிருக்கிறது.

என் முறை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பின்னால் வந்தவருக்கு விட்டுக் கொடுத்தேன். மத்தியானம் அறை காலியானதும் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பல்லில ஒரு பிழையும் இல்லை. என்னத்துக்கு வந்தனீங்கள்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. உப்புக்காற்று என்றேன். அவர் முகம் மாறவில்லை. மேசை இழுப்பறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டனீங்களோ?"

பக்கத்துக் கடையில் சோறும் பருப்பும் கட்டா மீன் கறியும் சாப்பிட்டோம். சென்னையிலிருந்து இதற்காகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வரி பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.

"ஏலாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் நம்பவேணும் எண்டதுக்காக நான் பாடேலாது. அது பாட்டில்லை."

"அன்றைக்கு என்னதான் நடந்தது?"

"நீங்கள் அங்க இருந்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு என்னத்துக்கு? இருந்தவை வந்து கேக்கட்டும்."

என்னை அனுப்பி வைக்கச் சந்தி வரை வந்தார். புறக்கோட்டை வரை பேசி ஒரு ஓட்டோ பிடித்துக் கொடுத்தார். நான் பையை உள்ளே வைத்துவிட்டு விடைபெறத் திரும்பினேன். ஓட்டோ கிளம்பிவிட்டது. பையில் பாஸ்போர்ட், செல்போன், எல்லாம். சனத்துக்குள் அது புகுந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மூன்று நாளாக எதிர்பார்த்தது இதைத்தான், கடைசியில் நடந்துவிட்டது என்று ஒரு கேவலமான திருப்திகூட வந்தது.

என் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது.

"அய்யேஏஏஏ!"

சந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. நகைக்கடை வாசலில் நின்ற காவலாளி திரும்பினார். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டினார்கள். அண்ணனைச் சிங்களத்தில் கூப்பிடும் அந்தச் சொல்லின் ஏகாரம் மெல்லத் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் லேசாக உடைந்தது.

தூரத்தில் ஓட்டோ ஒரு வளைவு எடுத்து எங்கள் முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சிங்களத்தில் குறைப்பட்டுக்கொண்டார். ஜெனிற்றா சொன்னார்: "வண்டியைத் திருப்பத்தானே போனது, அதுக்கு ஏன் இப்படிக் கத்துறீங்கள் எண்டு கேக்கிறார்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"நீங்கதான். பாடினது நீங்கதான்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "ஓட்டோவுக்குக் கத்தினதை வச்சா?"

அன்று மாலை சுதா அக்கா வீட்டில் நான் இதைச் சொன்னபோது ரிஸ்வானும் அதையேதான் கேட்டார். "நீங்க இன்ஷூரன்ஸ்ல வேல செய்ற ஆள். ஒரு கூவல வெச்சு சேட்டிபிகேட் குடுப்பீங்களா?"

குடுக்க மாட்டேன்தான். இருந்தாலும் என் காதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்றேன். மண்டபத்தில் மைக் அணைந்த ஆசிரியரைப் பற்றிச் சொன்னேன். ஒரு சத்தமும் ஓடாதபோது வாயசைத்தவர் எதற்கு அசைத்தார் என்று கேட்டேன். லோகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிஸ்வான், "அப்ப அவவே வந்து சொல்லியிருக்கலாமே," என்றார்.

சுதா அக்கா யன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கீழே ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு, "நாங்கள் ஆரும் கேட்டனாங்களோ?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஞாயிற்றுக்கிழமை நான் போறன். வாறவை வாங்கோ," என்றார்.

நாலு பேராகப் போனோம். ஜெனிற்றாவின் வீடு, தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், அச்சகம் ஒன்றின் மாடியில். பூசை முடிந்து வந்த உடுப்போடு கதவைத் திறந்தார். நாங்கள் யார் என்று நான் ஒவ்வொருவராகச் சொன்னேன். கேக்கும் பால் விடாத பிளேன்ரீயும் வைத்தார். யாரும் தொடவில்லை. ரிஸ்வான் மெத்தை நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து போகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

சுதா அக்கா நேரடியாகவே கேட்டார். "பிள்ளை, அண்டைக்கு என்ன நடந்தது? நாங்கள் எங்களுக்குள்ளயே கதைச்சுக் கதைச்சு இவ்வளவு காலமும் போட்டுது. நீர் சொல்லும்."

ஜெனிற்றா கோப்பையை மேசையில் வைத்தார்.

"கோரஸுக்கு என்ர குரலையே ரெக்கோட் பண்ணி, அடியில ஓட விடுறது. அதுக்கு மேல நான் மைக்கில பாடுறது. ரெண்டும் சேர்ந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். எல்லாக் குழுவும் செய்யிறதுதான். அண்டைக்கு முதல் பாட்டிலயே மைக் செத்துப்போச்சு. எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் எல்லாம் உங்களைப் பாத்துத்தானே இருந்தது. எனக்குக் கேட்டது மேளமும், அடியில ஓடுற கோரஸும்தான். நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன்."

"சிக்கேக்க வாய் மூடித்தானே இருந்தீங்க?" என்றார் ரிஸ்வான். குரலில் பழைய உறுதி இல்லை.

"ஓம். 'இன்னும் ஒரு, இன்னும் ஒரு' எண்டு போகேக்க நான் எங்க சேருறது? நிக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீங்கள். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. என்னோட நிக்கிறீங்கள் எண்டு நினைச்சன்." லோகனைப் பார்த்தார். "அழேல்ல. வேர்வை கண்ணுக்குள்ள போட்டுது."

லோகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிறகு கீர்த்தன் வயரைப் பிடுங்கினான். எல்லாம் நிண்டிட்டுது. இனி நான்தான் எண்டு விட்ட இடத்திலயிருந்து தொடங்கினன். அப்பதான் எனக்குத் தெரிஞ்சது. என்ர குரல் சின்னனா, வீட்டில பாடுற மாதிரிக் கேட்டுது. மைக் இல்லை. முதல் பாட்டிலயிருந்தே இல்லை. முன்னால விசிலடிக்கினம். ஒருத்தருக்கும் கேட்டிருக்காது." நிறுத்தினார். "நான் பாட்டை முடிச்சிட்டுத்தான் இறங்கினனான்."

கீழே அச்சகம் மூடியிருந்தது. ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

சுதா அக்கா வாயைக் கையால் பொத்தியிருந்தார். கையை எடுத்தார். "நான் பாத்தனான். வாய் அசைஞ்சதைப் பாத்தனான். பாத்திட்டுத்தான் இவ்வளவு காலமும்..." முடிக்கவில்லை. அவர் எல்லோருக்கும் நடித்துக் காட்டியதை ஜெனிற்றாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏன் பிள்ளை இதை ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"சொன்னா, அப்ப பாடிக் காட்டு எண்டுவினம். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால சோதனை எழுதிக்கொண்டிருக்க ஏலுமே?"

நான் என் பிளேன்ரீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் முன்பு அந்தச் சோதனையை வைத்தவளும் நான்தான். அதை அவர் நினைவூட்டவில்லை.

ரிஸ்வான் எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். மேசைக்கு வந்து ஒரு துண்டு கேக் எடுத்துக் கடித்தார். விழுங்கிவிட்டு, "இந்த முற மைக்க நானே பாக்கிறன். கடையில ஆள் ஈக்கி, நல்ல சாமான் கொண்டு வாறன். நீங்க வந்து பாடுங்க," என்றார்.

"இல்லை," என்றார் ஜெனிற்றா.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். லோகன் கெஞ்சினார். சுதா அக்கா கீர்த்தனிடம் தானே பேசுவதாகச் சொன்னார். ஜெனிற்றா எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் கடுமை இல்லை. எழுந்து போய் யன்னலைத் திறந்து விட்டு வந்தார்.

"கோபத்தில சொல்லேல்ல. எனக்கு இப்ப பாடுறதுக்கு ஆசை இல்லை, அவ்வளவுதான். வேற ஆரும் பாடட்டும். நல்லாப் பாடுற பிள்ளையள் எத்தனை பேர் இருக்கினம்." பிறகு சுதா அக்காவின் பக்கம் திரும்பினார். "முன் வரிசையில எனக்கு ஒரு இடம் வையுங்கோ. அந்தப் பாட்டை முன்னால இருந்து ஒருக்கா கேக்கோணும். நான் இன்னும் கேக்கேல்ல."